முகத்தில் விழும் வெளிச்சத்தை அளப்பது: ஸ்டூடியோ பிளாஷும் கைமீற்றரும்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் ஸ்டூடியோ சின்னது. அகலம் 11 அடி, நீளம் 18 அடி, உயரம் 9 அடிக்குக் கொஞ்சம் மேல். 300 வாட்-செக்கன் பிளாஷ் இரண்டு, பழைய 200 வாட்-செக்கன் ஒன்று, வெளிச்சத்தை மென்மையாக்க இரண்டுக்கு மூன்று அடி சொஃப்ட்பொக்ஸ் (வெள்ளைத் துணி முகம் போட்ட பெட்டி) ஒன்று, வெள்ளைக் குடை இரண்டு. அடையாள அட்டைப் படம், சாமத்தியவீட்டுப் படம், முதல் நன்மை எடுக்கிற பிள்ளைகளின் படம், கலியாணச் சோடி எல்லாம் இந்த ஓர் அறைக்குள்தான். ஒருவர் எழும்ப மற்றவர் உட்காருவார். ஒருவர் உடுத்தியிருப்பது பால்வெள்ளை கவுண், அடுத்தவர் கறுப்பு அபாயா, அதற்கடுத்தவர் மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட பட்டு. ஆள் மாற மாற ஒரு படம் எடுத்துத் திரையைப் பார்ப்பது, அபேச்சரை, அதாவது லென்சின் துவார அளவை, திருகுவது, திரும்ப எடுப்பது என்று வேலை நடந்துகொண்டிருந்தது. வெளிச்சத்தை அளக்கிற செக்கோனிக் எல்-308 கைமீற்றர் ஒன்று பழையதாகக் கைக்கு வந்த பிறகு அந்த ஓட்டம் மாறிவிட்டது. அதைச் சரிசெய்தது, கமராவோடு ஒத்துப் பார்த்தது, இப்போது பாவிக்கிற முறை எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் பக்கத்துச் சின்ன ஸ்டூடியோக்காரருக்கு உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் மீற்றரின் நிலைமை. தொழிலை விட்ட ஒருவரிடமிருந்து வந்தது. பற்றரியை உள்ளே விட்டபடியே பல காலம் மூடி வைத்திருந்திருக்கிறார்கள். மூடியைத் திறந்தால் தகட்டிலும் சுருளிலும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போயிருந்தது. இந்த மீற்றருக்கு ஒரேயொரு டபிள்-ஏ பற்றரிதான் தேவை. அந்த ஒன்று கசிந்ததுதான் காரணம். அல்கலைன் பற்றரியில் கசிவது காரம். காரத்தை அமிலம்தான் எடுக்கும். பஞ்சுக் குச்சியில் வினாகிரியை ஈரம் தெரியுமளவுக்கு மட்டும் தொட்டு, பற்றரி அறையின் வாய் கீழே பார்க்கிறபடி மீற்றரைப் பிடித்துக்கொண்டு துடைத்தேன். வாய் கீழே பார்க்க வேண்டும் என்பது முக்கியம். மேலே பார்த்தால் ஒரு சொட்டு உள்ளே இறங்கி மின்சுற்றுத் தட்டைக் கெடுத்துவிடும். நுரை அடங்கியதும் புதுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்டு வினாகிரியையும் எடுத்துவிட்டு, பென்சில் அழிறப்பரால் தகடு மினுங்கும் வரைக்கும் தேய்த்தேன். அழிறப்பரின் தூளை ஊதுபந்தால் வெளியேற்றி, ஓர் இரவு மின்விசிறிக்குக் கீழே திறந்து வைத்தேன். புதுப் பற்றரி போட்டதும் திரை வந்தது.

வெள்ளைக் குமிழில் அற்ககோல் படக்கூடாது. மங்கிவிடும் என்ற பயம் எனக்கு உண்டு. தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மென்துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும். அந்தக் குமிழ்தான் மீற்றரின் கண். விரல் எண்ணெயும் தூசியும் படிந்தால் அது வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டும், குறைத்துக் காட்டினால் நீங்கள் அபேச்சரைத் திறப்பீர்கள், படம் வெளிறும். வாடை தொடங்கி மழை பிடித்தால் எங்கள் ஊரில் தோல் பைக்குள் இருக்கிற லென்சுக்கும் பூஞ்சணம் வரும். அதனால் மீற்றர் இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள், சிலிக்கா ஜெல் பைகளோடு இருக்கிறது. வேலை முடிந்ததும் பற்றரியை வெளியே எடுத்துவிடுகிறேன்.

உயிர் வந்த மீற்றர் உண்மை சொல்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அதை ஒப்பிட இன்னொரு மீற்றர் கிட்ட இல்லை. சூரியன் இருக்கிறது. துப்புரவான வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, ஷட்டர் நூறில் ஒரு செக்கன் என்றால் அபேச்சர் எஃப் 16 (இலக்கம் கூடக் கூடத் துவாரம் சின்னதாகும்) என்பது பிலிம் காலத்தில் பிலிம் பெட்டியோடு வந்த பழைய கணக்கு. ஷட்டரை 125இல் ஒன்றாக வைத்தால் எஃப் 16க்கு மூன்றில் ஒரு ஸ்டொப் கீழே, அதாவது எஃப் 14 வர வேண்டும். ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பது, இல்லாவிட்டால் பாதியாவது. நண்பகலில் இதைப் பார்க்கக்கூடாது. எங்கள் ஊரில் சூரியன் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். குமிழைக் கிடையாகப் பிடித்தால் பாதி நிழலாகிவிடும். கடற்கரை மணலும் கீழிருந்து வெளிச்சத்தைத் தெறிக்கவிடும். அதனால் காலையில், சூரியன் அரைவாசி ஏறியபிறகு, மணல் இல்லாத வாவிக் கரையில் குமிழை நேராகச் சூரியனுக்குக் காட்டி அளந்தேன். 11 என்றும் பக்கத்தில் சின்னதாக 6 என்றும் காட்டியது. வர வேண்டியது 11உம் 7உம். பத்தில் ஒரு ஸ்டொப் வித்தியாசம். மீற்றர் நல்ல மீற்றர்.

அந்தச் சின்ன இலக்கத்தை விளங்கிக்கொள்ளாமல் இந்த மீற்றரைப் பாவிக்க முடியாது. திரையில் 8.0 என்று பெரிதாகவும் 5 என்று சின்னதாகவும் வந்தால் அது எட்டரை அல்ல. எஃப் 8க்கும் எஃப் 11க்கும் இடையில் உள்ள ஒரு ஸ்டொப்பைப் பத்தாகப் பிரித்து, அதில் ஐந்தாவது பங்கில் நிற்கிறது என்று பொருள். கமராவில் அது எஃப் 9.5. எட்டும் மூன்றும் என்றால் எஃப் 9. எட்டும் ஏழும் என்றால் எஃப் 10. கமராவின் சில்லு வழமையாக மூன்றில் ஒரு ஸ்டொப்பாக நகரும் என்பதால் 3, 7 என்ற இரண்டையும் நினைவில் வைத்தால் வேலை ஓடும். நான் ஒரு சின்ன அட்டையில் எழுதிப் பிளாஷ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கிறேன்.

இனி விஷயத்தின் நடுவுக்கு வருகிறேன். கமராவுக்குள் இருக்கிற மீற்றர் ஆளில் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சத்தைப் பார்க்கிறது. எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பலாக ஆக்கப் பார்க்கும். வெள்ளை கவுணைப் பார்த்தால் வெளிச்சம் கூடிப்போச்சு என்று நினைத்து இருட்டாக்கும். கறுப்பு அபாயாவைப் பார்த்தால் போதாது என்று நினைத்து வெளிறவைக்கும். அதோடு ஸ்டூடியோ பிளாஷ் அடிக்கிற கணத்தை அந்த மீற்றர் பார்ப்பதும் இல்லை. படம் எடுக்க முதல் அறையில் இருக்கிற வெளிச்சம்தான் அதற்குத் தெரியும். கைமீற்றரின் வெள்ளைக் குமிழ் வேறு வேலை செய்கிறது. முகம் இருக்கிற இடத்தில் குமிழ் நிற்கிறது. முகத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை மட்டும் பார்க்கிறது. உடுப்பு என்ன நிறம், தோல் என்ன நிறம் என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. முகம் உருண்டை என்பதால்தான் குமிழும் அரைக்கோளம். பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சத்தையும் முகம் வாங்குகிற மாதிரியே அது வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் டொன் நோர்வூட் என்பவர் 1930களில் யோசித்த ஏற்பாடு இது. செக்கோனிக்கின் ஊசி வைத்த எல்-398 அந்த வழியில் வந்ததுதான். ஆனால் அதனால் பிளாஷை அளக்க முடியாது, நிலையான வெளிச்சம் மட்டும். பழையதாக வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

அளக்கிற முறை இப்படி. மீற்றரில் ஐஎஸ்ஓவைக் கமராவில் உள்ளபடி வைக்கிறேன், ஷட்டர் 125இல் ஒன்று. மின்னல் குறியை வயர் இல்லாத பிளாஷ் முறைக்கு மாற்றுகிறேன். பொத்தானை அழுத்தினால் குறி மினுங்கத் தொடங்கும். மீற்றர் பிளாஷுக்காகக் காத்திருக்கும். ஆளின் நாடிக்குக் கீழே, தோலோடு ஒட்டினாற்போல் மீற்றரைப் பிடித்து, மற்றக் கையால் றிகரை அழுத்தினால் பிளாஷ் அடிக்கும், இலக்கம் வந்துவிடும். வயர் உள்ள முறையும் உண்டு. மீற்றரின் பக்கத்தில் இருக்கிற சின்னத் துவாரத்தில் பிளாஷின் சிங் வயரைச் செருகினால் மீற்றரின் பொத்தானே பிளாஷை அடிக்கும். தனியாக வேலை செய்யும்போது அது நல்லது. ஆனால் வயரில் கால் தட்டி ஸ்டாண்ட் விழுந்தால் குழந்தைகள் பக்கத்தில் இருப்பார்கள். நான் வயர் இல்லாமல்தான்.

ஷட்டர் வேகம் பிளாஷின் அளவை மாற்றாது, சிங் எல்லையை, அதாவது பிளாஷோடு ஒத்துப்போகிற ஆகக் கூடிய ஷட்டர் வேகத்தை, தாண்டாத வரைக்கும். பிளாஷ் அடித்து ஓய்கிற நேரம் ஷட்டர் திறந்திருக்கிற நேரத்தைவிட மிகக் குறைவு. ஷட்டர் தீர்மானிப்பது அறை வெளிச்சத்தை. அதனால் வேலை தொடங்க முதல் பிளாஷை நிறுத்திவிட்டு அதே அளவில் ஒரு படம் எடுங்கள். முழுக் கறுப்பாக வர வேண்டும். எங்களுக்கு மேற்கே வாவிப் பக்கம் ஒரு யன்னல் இருக்கிறது. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அதனால் ஒரு மஞ்சள் வெளிச்சம் வரும். திரைச்சீலை கனமாக இல்லாவிட்டால் அந்தக் கறுப்புப் படத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது மீற்றரும் கமராவும் ஒரே பாஷை பேசுகின்றனவா என்பது. சாம்பல் அட்டை வைத்திருப்பவர்கள் அதை வைத்துப் பார்க்கலாம். மீற்றர் சொன்ன அளவில் எடுத்தால் அட்டையின் நிறம் கணினியில் 255க்கு 118ஐ அண்டி வர வேண்டும். நான் அதோடு துவைத்து இஸ்திரி போடாத ஒரு வெள்ளை வேட்டியையும் தொங்கவிட்டேன். மீற்றர் எஃப் 8 என்றது. எஃப் 8இல் நெசவின் இழை துப்புரவாகத் தெரிந்தது. எஃப் 7.1இலும் தெரிந்தது. எஃப் 6.3இல் மடிப்பின் முகட்டில் இழை அழியத் தொடங்கியது. எஃப் 5.6இல் வேட்டி வெறும் வெள்ளைத் தாள். ஆகவே என் கமராவில் மீற்றர் சொல்கிற அளவுக்கு மேலே மூன்றில் ஒரு ஸ்டொப் மட்டும்தான் பத்திரமான இடம். இது ஜேபெக் கோப்புக்கான கணக்கு. கமரா திருத்தாமல் சேமிக்கிற ரோ கோப்பில் இன்னும் கொஞ்சம் மீட்கலாம். ஆனால் வெள்ளை கவுண் போட்ட பிள்ளையைப் படம் எடுக்கிற போது, பின்னால் மீட்கலாம் என்று நினைத்து அந்த இடத்தில் கால் வைக்க நான் விரும்பவில்லை. அந்தக் கவுணின் லேசுப் பின்னலுக்காகவே அந்தத் தாய் படம் எடுக்க வருகிறா.

பிளாஷ் லைற்றுகளைப் பற்றி மீற்றர் சொன்னது எனக்குப் பெரிய பாடம். பவர்ச் சில்லில் எட்டில் ஒன்றிலிருந்து நாலில் ஒன்றுக்குப் போனால் சரியாக ஒரு ஸ்டொப் கூட வேண்டும். 300 வாட்-செக்கன் லைற் ஒன்றில் பத்தில் எட்டுத்தான் கூடியது. மற்றதில் சரியாகக் கூடியது. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு லைற்றுகள். இதை அறிந்தபிறகு இரண்டு சில்லையும் ஒரே குறியில் வைத்துவிட்டு இரண்டும் சமம் என்று நம்புவதை விட்டுவிட்டேன். பழைய 200 வாட்-செக்கன் லைற்றில் இன்னொன்று: பவரைக் குறைத்த உடனே அடித்தால் முதல் அடி பழைய பலத்தில்தான் வரும். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற கொண்டென்சரில் ஏறியிருந்தது இறங்கவில்லை. குறைத்தபிறகு சோதனைப் பொத்தானை ஒருதரம் அழுத்தி வெறும் அடி அடித்துவிட வேண்டும். புதிய லைற்றுகள் இதைத் தாங்களே செய்துகொள்ளும்.

பின்னேரங்களில் கரண்ட் பலம் குறைகிற நேரமும் உண்டு. விளக்கு வைக்கிற நேரத்தில் ஊர் முழுக்க லைற்றும் மின்விசிறியும் ஓடும். அப்போது பிளாஷ் நிறைகிற நேரம் கூடுகிறது. பீப் சத்தம் கேட்ட உடனே அடித்துப் பார்த்தேன், இரண்டு செக்கன் பொறுத்தும் அடித்துப் பார்த்தேன். உடனே அடித்ததில் பத்தில் மூன்று குறைவு. பீப் சத்தம் முழுதாக நிறைந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அல்ல, என் லைற்றிலாவது அப்படி. இப்போது பிள்ளைகளை வைத்து வேகமாக எடுக்கும்போது பவரை நாலில் ஒன்றுக்கு மேலே வைப்பதில்லை. குறைந்த பவரில் நிறைவது விரைவு. இந்த லைற்றுகளை யாரும் வீட்டில் திறந்து பார்க்க வேண்டாம். வயரைக் கழற்றி வைத்திருந்தாலும் கொண்டென்சரில் ஆளைக் கொல்கிற மின்சாரம் நிற்கும். ஃபியூசும் மொடலிங் பல்பும் (வெளிச்சம் எங்கே விழும் என்று பார்க்க எரிகிற பல்ப்) வரைக்கும்தான் எங்கள் கை போகலாம்.

தூரம். எஃப் இலக்கங்களையே அடியாக நினைத்தால் மனக்கணக்கு சுலபம். லைற் 4 அடியில் இருக்க எஃப் 11 என்றால், 5.6 அடியில் எஃப் 8, 8 அடியில் எஃப் 5.6, 11 அடியில் எஃப் 4. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்று. எங்கள் அறையில் அளந்தபோது 8 அடியில் 5.6உம் 3உம் வந்தது, அதாவது கணக்கைவிடக் கொஞ்சம் கூட. வெள்ளைச் சுவர் இரண்டு பக்கமும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. சொஃப்ட்பொக்ஸும் கிட்ட இருக்கும்போது ஒரு புள்ளியாக நடந்துகொள்ளாது. கணக்கு வழிகாட்டும், கடைசிச் சொல் மீற்றருடையது. குடும்பப் படத்தில் இது மிகவும் உதவுகிறது. முன்வரிசை லைற்றிலிருந்து 4 அடி, பின்வரிசை 6 அடி என்றால் பின்னால் நிற்கிறவர்களுக்கு ஒரு ஸ்டொப்புக்கு மேலே குறைவு. தாத்தாவும் அம்மம்மாவும் கதிரையில் பளிச்சென்று இருக்க, பின்னால் மாமாமார் இருட்டுக்குள் நிற்பார்கள். லைற்றை 8 அடிக்குத் தள்ளிப் பவரைக் கூட்டினால் பின்வரிசை 10 அடி. வித்தியாசம் அரை ஸ்டொப்புக்குக் கொஞ்சம் மேலேதான். முன்வரிசை நடுவில், பின்வரிசை இரண்டு ஓரத்தில் என்று அளந்து, எல்லாம் பத்தில் ஐந்தாறுக்குள் வரும்வரை லைற்றை நகர்த்துகிறேன்.

குமிழை எங்கே காட்டுவது என்பதில் எல்லாரும் ஒரு மாதிரிச் சொல்வதில்லை. லைற்றைப் பார்த்துக் காட்டு என்கிறார்கள் சிலர், கமராவைப் பார்த்து என்கிறார்கள் சிலர். இரண்டு கேள்விக்கு இரண்டு விடை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு லைற்றும் எவ்வளவு தருகிறது என்று தெரிய வேண்டுமானால் மற்றதை நிறுத்திவிட்டு அந்த லைற்றுக்கே காட்டுகிறேன். கமராவில் என்ன வைப்பது என்று தெரிய வேண்டுமானால் எல்லா லைற்றையும் போட்டு, முகத்தடியில் பிடித்து, லென்சுக்குக் காட்டுகிறேன். சாமத்தியவீட்டுப் படத்தில் என் வழமை: சொஃப்ட்பொக்ஸ் பிள்ளையின் இடப்பக்கம் 45 பாகையில், கண்ணுக்குக் கொஞ்சம் மேலே, தனியாக எஃப் 8. கமராவுக்குப் பின்னால் குடை, தனியாக எஃப் 5.6. குடை இரண்டு கன்னத்துக்கும் அடிக்கிறது. சொஃப்ட்பொக்ஸ் ஒரு கன்னத்துக்கு மட்டும். குடை தருவதை ஒரு பங்கு என்று வைத்தால் சொஃப்ட்பொக்ஸ் இரண்டு பங்கு. வெளிச்சக் கன்னத்தில் மூன்று, நிழல் கன்னத்தில் ஒன்று. மூன்றுக்கு ஒன்று. முகத்துக்கு உருவம் கிடைக்கும், நிழலும் கறுக்காது. இரண்டையும் போட்டுக் கமராவுக்குக் காட்டினால் எட்டும் ஐந்தும் வருகிறது. அரை ஸ்டொப்பாக நகருகிற கமராவில் எஃப் 9.5, இல்லாவிட்டால் எஃப் 9. குடையை எஃப் 4க்கு இறக்கினால் ஐந்துக்கு ஒன்று. அது வயதான ஆண்களின் முகத்துக்கு நன்றாக இருக்கும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வேண்டாம்.

இப்போது நான் அதிகம் சொல்ல விரும்புகிற விஷயம். "கொஞ்சம் வெள்ளையா எடுங்க தம்பி" என்று கேட்காத வீடு குறைவு. பிலிம் காலத்திலிருந்து தொழில் செய்த மாமா ஒருவர் இடைக்கிடை கடைக்கு வருவார். இதைப் பற்றிக் கேட்டபோது சொன்னார்: "மனே, புள்ளட நிறத்த மாத்த நமக்கு ஆரு சொன்ன? வெளிச்சத்தச் சரியா விழுத்து. மறுகா புள்ள தன்ட நிறத்துல வடிவா இருக்கும்." அதை மீற்றரால் சோதித்துப் பார்க்க முடிந்தது. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட தோல் உள்ள என் மருமகளை உட்காரவைத்து, மீற்றர் சொன்னபடி ஒன்று, அரை ஸ்டொப் கூட்டி ஒன்று, ஒரு ஸ்டொப் கூட்டி ஒன்று எடுத்தேன். ஒரு ஸ்டொப் கூட்டியதில் நெற்றியிலும் மூக்கிலும் சிவப்பு எல்லையைத் தாண்டி, தோல் மெழுகு பூசினாற்போல் ஆயிற்று. காதுத் தோட்டின் கல்லைச் சுற்றி இருந்த வேலைப்பாடு கரைந்தது. தங்கச் சங்கிலி மஞ்சள் இழந்து வெள்ளிக் கோடு ஆனது. மீற்றர் சொன்ன படத்தில் தோலுக்குக் கீழே இருக்கிற செம்மை, மஞ்சள் பூசியிருந்த பளபளப்பு, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணி எல்லாம் இருந்தன.

கறுத்த தோலில் உருவத்தைக் காட்டுவது தோலின் மேல் விழுகிற மினுக்கம். அந்த மினுக்கம் பெரிதாகவும் மெதுவாகவும் விரிய வேண்டும். அதற்குச் செய்ய வேண்டியது அபேச்சரைத் திறப்பது அல்ல, வெளிச்சம் வருகிற முகத்தைப் பெரிதாக்குவது. சொஃப்ட்பொக்ஸை 4 அடியிலிருந்து 3 அடிக்குக் கொண்டுவந்தேன். முகத்திலிருந்து பார்த்தால் அது பெரிதாகிவிட்டது. பவரைக் குறைத்து மீற்றரில் திரும்பவும் எஃப் 8க்குக் கொண்டுவந்தேன். நிழல் பக்கத்தில் நாலு அடி வெள்ளை ரெஜிபோம் அட்டை ஒன்றை நிறுத்தினேன். அளவு மாறவில்லை, முகம் மாறிவிட்டது. மீற்றர் இல்லாமல் இதைச் செய்தால் லைற் கிட்ட வந்ததால் வந்த வித்தியாசமா, வெளிச்சம் கூடினதால் வந்த வித்தியாசமா என்று பிரிக்கவே முடியாது. சில நல்ல படப்பிடிப்பாளர்கள் கறுத்த தோலுக்கு மூன்றில் ஒரு ஸ்டொப் திறப்பார்கள். அதில் பிழை இல்லை, வெள்ளை உடுப்பு பக்கத்தில் இல்லாவிட்டால். காத்தான்குடியிலிருந்து வந்த சோடி ஒன்றில் மணமகன் வெள்ளைச் சட்டை, மணமகள் கறுப்பு அபாயா. இரண்டு பேருக்கும் முகத்தடியில் ஒரே இலக்கம் வருமாறு லைற்றை வைத்ததும், சட்டையின் தையலும் அபாயாவின் மணி வேலையும் ஒரே படத்தில் நின்றன. கமராவின் மூளைக்கு விட்டிருந்தால் இரண்டில் ஒன்று போயிருக்கும்.

பின்திரைக்கு ஒரு வெள்ளைத் தாள் உருளை மட்டும்தான் இருக்கிறது. முகத்தில் எஃப் 8 இருக்க, தாளில் பிடித்துக் கமராப் பக்கம் காட்டும்போது எஃப் 11 வந்தால் படத்தில் தூய வெள்ளை. எஃப் 16க்கு ஏற்றினால் அந்த வெளிச்சம் திரும்பி வந்து முடியின் ஓரத்தைத் தின்னும், முகத்தின் அழுத்தமும் போகும். அதே தாளில் எஃப் 3.5 அளவில் விழுந்தால் நடுச் சாம்பல். இன்னும் இரண்டு மூன்று ஸ்டொப் இறங்கினால் கறுப்பை அண்டும். மூன்று நிறத் தாள் வாங்கத் தேவையில்லை, ஆனால் கறுப்பை அண்டுவதற்குச் சுவரிலிருந்து தெறிக்கிற வெளிச்சத்தைக் கறுப்புத் துணியால் மறிக்க வேண்டும். ஆளை 5 அடி முன்னால் இருத்தினால்தான் இரண்டும் தனித்தனியாக நிற்கும்.

அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் எடுக்கிற படத்தில் முகத்திலும் பின்னாலும் நிழல் விழக்கூடாது, வெளிச்சம் சமமாக இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. இரண்டு குடையையும் இரு பக்கம் ஒரே உயரத்தில் வைத்து, கதிரையில் ஆள் இல்லாமலே இடக் கன்னம், வலக் கன்னம், நெற்றி, நாடி வரும் இடங்களில் அளந்து, பத்தில் ஒன்றுக்குள் சமப்படுத்தினேன். ஸ்டாண்ட் கால்கள் நிற்கிற இடத்தில் தரையில் நிறநாடா ஒட்டிவிட்டேன், கதிரைக்கும் ஒட்டிவிட்டேன். பவர் இலக்கம் சுவரில் எழுதியிருக்கிறது. இப்போது யார் வந்து உட்கார்ந்தாலும் அந்த மூலையில் எதையும் தொடத் தேவையில்லை. காலையில் கடை திறந்ததும் ஒருதரம் அளந்து பார்ப்பது மட்டும்தான்.

கலியாண மண்டபத்துக்கு மீற்றரைக் கொண்டுபோகிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். வயர் இல்லாத முறையில் மீற்றர் எந்தப் பிளாஷ் அடித்தாலும் அதை எடுத்துக்கொள்ளும். உங்கள் பிளாஷும், பக்கத்தில் நிற்கிற இன்னொரு கமராக்காரரின் பிளாஷும் அதற்கு ஒன்றுதான். பொத்தானை அழுத்திய அந்தக் கணத்திலேயே றிகரையும் அழுத்துங்கள், இல்லாவிட்டால் வயரைப் போட்டுவிடுங்கள். மற்றது, கமராவின் மேல் பூட்டுகிற சின்னப் பிளாஷைத் தானியங்கியில் விட்டால் பெரிய அடிக்கு முன்னால் ஒரு சின்ன அடி அடிக்கும். மீற்றர் அந்தச் சின்ன அடியைத்தான் அளந்து காட்டும். மனுவலுக்கு மாற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

மண்டபத்தில் வீடியோக்காரர்களின் எல்ஈடி வெளிச்சம் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். முதலில் நிலையான வெளிச்சத்துக்கான முறையில் மணவறையை அளந்துகொள்கிறேன். ஐஎஸ்ஓ 400, 125இல் ஒன்றில் அது எஃப் 2.8 என்றால், பிளாஷை எஃப் 5.6க்கு வைத்தால் எல்ஈடியின் நிறம் முகத்தில் அதிகம் ஏறாது. எஃப் 4 வரைக்கும் எல்ஈடி ஏறியிருந்தால் அவர்களோடு கதைத்துக் கொஞ்சம் தள்ளிவைக்கக் கேட்கிறேன். இலக்கத்தைக் காட்டிக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. அளக்கிற இடங்கள்: மணமகள் இருக்கிற இடம், மணமகன் இருக்கிற இடம், தாலி கட்டும்போது ஐயர் குனிகிற இடம், பெற்றோர் ஆசீர்வாதம் பண்ண நிற்கிற படியடி. ஐயர் குனிகிற இடத்தை விட்டுவிடாதீர்கள். அவருடைய வெள்ளை வேட்டியும் வெறும் மேனியும்தான் அந்தப் படத்தில் லைற்றுக்கு ஆகக் கிட்ட வருவன.